ஜெராக்ஸ் எடுத்துப் பிறக்கும் பிராசஸ்

கருப்புத் திரையில் 'டேட்' என்று அடித்து என்டர் தட்டினால் தேதி வந்து நிற்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு கணத்துக்குள் ஷெல் தன்னையே ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதி வேறு ஆளாக மாறி, தேதியைச் சொல்லிவிட்டுச் செத்தும் போயிருக்கும்!

யுனிக்ஸ் குடும்பத்தில் (லினக்ஸும் அதில் சேர்த்தி) புது பிராசஸ் சும்மா முளைக்காது. ஏற்கெனவே ஓடுகிற ஒன்று கெர்னலிடம் 'ஃபோர்க்' கேட்க வேண்டும். கெர்னல் அதை அப்படியே நகலெடுக்கும். வேடிக்கை என்னவென்றால், ஒரு தடவை கூப்பிட்ட ஃபோர்க் இரண்டு தடவை திரும்பி வரும். பெற்றவருக்குப் பிள்ளையின் எண் கிடைக்கும், பிள்ளைக்கு 0. யார் அப்பா, யார் பிள்ளை என்று இரண்டுக்கும் தெரிவது அதை வைத்துத்தான். அப்புறம் பிள்ளை 'எக்ஸெக்' அழைத்து, நகலாக வந்த புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ளும்.

யோசனை பழசு. மெல்வின் கான்வே 1963-லேயே எழுதிவிட்டார். பெர்க்லியின் டைம் ஷேரிங் சிஸ்டம் வழியாக அது பெல் லேப்ஸின் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சியிடம் வந்தது. ரிட்சி பின்னாளில் எழுதிய வரலாற்றின்படி, பிடிபி-7 மெஷினில் ஃபோர்க்குக்குத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்ப்ளி. மெமரியில் இருப்பதை டிஸ்குக்குத் தள்ளும் வேலை அங்கே முன்பே இருந்தது. அதையே நகலெடுக்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு சிக்கல். டைரக்டரி மாற்றும் 'சிஹெச்டிர்' கமாண்ட் வேலை செய்யவில்லை! கோடை மறுபடி மறுபடி படித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கமாண்ட் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் பிள்ளைக்குள் ஓடுகிறது. பிள்ளை இடம் மாறிவிட்டு உடனே செத்துப்போகிறது. அப்பா ஷெல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் அந்தக் கமாண்டை ஷெல்லுக்குள்ளேயே வைக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் 'சிடி' ஷெல்லுக்குள்தான் இருக்கிறது.

சரி, மொத்த மெமரியையும் நகலெடுத்து உடனே தூக்கிப் போடுவது தண்டச்செலவு இல்லையா? காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், லெட்ஜர் ஒன்றுதான், இருவரும் அதையே பார்க்கலாம். யாராவது ஒரு பக்கத்தில் பேனாவை வைத்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அப்போது ஜெராக்ஸ். 'காப்பி ஆன் ரைட்' என்பது இதுதான்.

ஆனாலும் குறை தீரவில்லை. பல திரெட்கள் ஓடும் பிராசஸை ஃபோர்க் செய்தால், கூப்பிட்ட திரெட் மட்டும்தான் பிள்ளைக்குப் போகும். மற்ற திரெட் பூட்டிய பூட்டுகள் பூட்டியபடியே கிடக்கும், சாவி வைத்திருந்த ஆளே இல்லை. 2019-ல் நான்கு ஆராய்ச்சியாளர்கள், ஃபோர்க்கைக் கைவிட வேண்டும், மாணவர்களுக்குப் பழங்கதையாகத்தான் சொல்லித்தர வேண்டும் என்றே கட்டுரை எழுதினார்கள். திரெட் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம்தான். 27 வரியில் முடிந்த சுலபத்துக்கு வட்டி இன்னும் கட்டியாகிறது.

ஆனால் உடனே தூக்கிப் போட முடியுமா? ஆண்ட்ராய்டு போனில் 'ஸைகோட்' என்று ஒரு பிராசஸ் உண்டு, அதாவது கரு. எல்லா ஆப்களுக்கும் பொதுவான சாமான்களை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஐகானைத் தொட்டதும் ஆப் பிறப்பது பெரும்பாலும் அதிலிருந்து ஃபோர்க் ஆகித்தான். பொது சாமானுக்கு ஒரே லெட்ஜர், அதனால் மெமரி மிச்சம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் மெமரியில் எது எங்கே என்ற வரைபடமும் ஒன்றேயாகிவிடுகிறது. ஒரு வீட்டின் வரைபடம் தெரிந்த திருடனுக்குப் பக்கத்து வீடும் பழக்கமான வீடுதான் :-)