ஒரு சோறு பதமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர் நிச்சயமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்தவராக இருக்க முடியாது. அடியேன் அந்தப் பிழைப்பில் இருப்பவன். ஒரே ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்கியவன். அதனால் ஒரு மனிதர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டி வந்தது.

சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே வேலை பார்ப்பவர்களின் லீவையும் சம்பளத்தையும் கணக்குப் போட ஒரு வெப் அப்ளிகேஷன் கேட்டிருந்தார்கள். லீவுக் கணக்கு என் தலையில் விழுந்தது. ஜாங்கோவில் எழுதினேன். ஜாங்கோ என்பது அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்துப் பத்திரிகை ஆபீஸ் ஒன்றில் பிறந்து, 2005ல் உலகத்துக்கே இலவசமாக வந்த சரக்கு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். என் கையில் அது அபஸ்வரமாக வாசித்தது.

ஜாங்கோவில் முக்கியமான சமாசாரம் 'மாடல்'. உடனே சோப்பு விளம்பரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரி. என்னென்ன கட்டம், எந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம், எழுதியதை வைத்து என்ன கணக்கு என்பதெல்லாம் அதில் அடக்கம். லீவு மாடலில் இரண்டு தேதிகள்: எதிலிருந்து, எதுவரை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒன்று கூட்டினால் நாள் கணக்கு. 'எதுவரை' என்பது 'எதிலிருந்து'க்கு முந்தி வரக்கூடாது என்று ஒரு விதியும் எழுதினேன். அப்படியும் தப்பித் தவறி மைனஸ் வந்துவிட்டால்? மைனஸ் குறியைத் தூக்கிவிடும் 'ஆப்ஸ்' என்ற மந்திரத்தையும் போட்டு வைத்தேன். எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்!

ஸ்க்ரீனில் 10ஆம் தேதியிலிருந்து 12ஆம் தேதி வரை லீவு போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் என்று வந்தது. இறக்கு பானையை!

2023 பிப்ரவரி முதல் வாரம், கடையிலிருந்து போன். ஓடினேன். பட்டுப்புடவை செக்ஷனில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சி, சம்பளச் சீட்டும் கையுமாக நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"தம்பி, நான் 363 நாள் லீவு போட்டேன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம்ல. அப்போ வருஷத்துல ரெண்டு நாளுதான் வேலை பாத்தேனா?"

ஜனவரி மாதச் சம்பளம் பூஜ்யம். கேஷியரோ, "கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் குடுப்பேன்" என்று கையை விரித்துவிட்டார்.

அண்ணாச்சி போட்டது நாலே நாள். 2022 டிசம்பர் 30லிருந்து 2023 ஜனவரி 2 வரை. பழைய லீவு விவரங்களை எக்ஸெல்லில் அடித்த புண்ணியவான் ஜனவரி 2க்கும் 2022 என்றே போட்டுவிட்டார். புது வருஷத்தில் பழைய வருஷத்தை எழுதாத கை எது? செக் புக்கில் நாமும்தான் எழுதுகிறோம். கழித்தால் மைனஸ் 362. என் மந்திரம் மைனஸைத் தின்றுவிட்டது. ஒன்று கூட்டினால் 363!

தேதி மாறி வரக்கூடாது என்று விதி எழுதினேனே, அது எங்கே போயிற்று? அங்கேதான் எனக்குத் தெரியாத விஷயம் இருந்தது. ஸ்க்ரீனில் ஃபாரம் நிரப்பும்போது ஜாங்கோ மாடலின் விதிகளைச் சரிபார்க்கும். ஆனால் புரோகிராமுக்குள்ளிருந்து நேராக 'சேவ்' செய்தால் அந்த விதிகளைத் தானாகப் பார்க்காது. நாமாகக் கேட்டால்தான் பார்க்கும். எக்ஸெல் விவரங்கள் நேராக 'சேவ்' ஆனவை. வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

கணக்கைச் சரிசெய்து சம்பளம் கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மகளுடைய காலேஜ் ஃபீஸுக்குக் கெடு வந்து, அண்ணாச்சி வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார்.

எங்கள் டீம் லீடர் அம்மணி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரன் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. 10லேர்ந்து 12 வரைக்கும்."

"ஊர்ல எல்லாரும் 10லேர்ந்து 12 வரைக்கும்தான் லீவு போடுவாங்களா? போய் டெஸ்ட் எழுது."

டெஸ்ட் என்றால் புரோகிராமைச் சோதிக்க இன்னொரு புரோகிராம். ஒரு கட்டளை தட்டினால் எல்லாச் சோதனைகளும் தானே ஓடும். தேறினால் ஒரு புள்ளி, தோற்றால் 'எஃப்'. கடையின் நிஜக் கணக்கு கெட்டுவிடுமே என்ற பயம் வேண்டாம். ஜாங்கோ சோதனைக்கென்றே தனி டேட்டாபேஸ் ஒன்றை உண்டாக்கி, ஒவ்வொரு சோதனை முடிந்ததும் சிலேட்டைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிடும்.

முதல் டெஸ்ட்டை எழுதினேன். புள்ளி! பெருமையாகக் காட்டினேன். அம்மணி வந்தார். மாடலில் இருந்த 'ஒன்று கூட்டு' என்பதை அழித்தார். மறுபடி ஓட்டினார். அப்போதும் புள்ளி!

"தப்பான கணக்கையும் பாஸ் போடுதே, இதுக்குப் பேர் டெஸ்ட்டா?"

பார்த்தால், சரியான விடை என்ன என்பதையும் நான் மாடலையே கேட்டு வாங்கியிருந்தேன். பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தின கதை.

"விடையை விரல் விட்டு எண்ணி எழுது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. மூணு. அந்த மூணை டெஸ்ட்ல எழுது. அப்புறம் கணக்கை வேணும்னே கெடுத்து, எஃப் வருதான்னு பாரு. தோக்கத் தெரியாத டெஸ்ட்டை நம்பாதே."

அன்று ராத்திரி பத்து மணி வரை விரல் விட்டேன். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு நாள் லீவு: ஒன்று. டிசம்பர் 30லிருந்து ஜனவரி 2: நாலு. பிப்ரவரி 28லிருந்து மார்ச் 1 என்றால் 2023ல் இரண்டு, 2024ல் மூன்று. நடுச்சோறு எப்போதும் வெந்துதான் இருக்கிறது ஸார், ஓரத்துச் சோறுதான் அரிசியாகக் கிடக்கிறது.

கடைசியாக அண்ணாச்சியின் வரிசை. அதே தப்புத் தேதிகளை நேராக 'சேவ்' செய்து, 'இது மறுக்கப்பட வேண்டும்' என்று எழுதி ஓட்டினேன். எஃப்! அந்தக் குற்றத்தை அப்போதுதான் கண்ணெதிரே பிடித்தேன். 'ஆப்ஸ்' மந்திரத்தைத் தூக்கி எறிந்தேன். விதியை டேட்டாபேஸுக்குள்ளேயே பூட்டாகப் போட்டேன். ஜாங்கோவில் 2019லிருந்தே அந்த வசதி இருந்திருக்கிறது. இனி எந்த வழியாக வந்தாலும் உள்ளே போக முடியாது. மறுபடி ஓட்டினேன். புள்ளி.

இதனால் தப்பே வராது என்று சொல்ல மாட்டேன். பிழை இருக்கிறது என்று சோதனை காட்டுமே தவிர, பிழையே இல்லை என்று காட்டாது; டச்சுக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969லேயே சொல்லிவிட்ட விஷயம். வருஷத்தைத் தப்பாக அடித்தும் தேதி வரிசை மாறாமல் இருந்தால் என் பூட்டு திறந்துகொள்ளும். அதற்கு வேறு விதி, வேறு டெஸ்ட். ஆனால் ஒருமுறை பிடிபட்ட திருடன் அதே வழியில் மறுபடி வந்தால் மணி அடிக்கும். அது போதாதா?

அடுத்த ஞாயிறு கடைக்குப் போய், வட்டிப் பணத்தை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுப்பார், தோளில் தட்டுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு தரம் எண்ணினார்.

"தப்பா நினைக்காதீய தம்பி. யார் குடுத்தாலும் எண்ணித்தான் வாங்கணும்."

அம்மணி சொன்னதும் அதுதானே!