புதருக்குள்ளிருந்து ஒரு 'ச்சக்'

பிளித் நாணல் கதிர்க்குருவியைத் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பைனாகுலரைக் கீழே இறக்குங்கள் என்பதுதான். உண்ணிச்செடிப் புதருக்குள் 14 செ.மீ. நீளத்தில் ஒரு பழுப்புக் குருவி; இலை அசைவது மட்டும்தான் தெரியும். காதைக் கொடுத்தால் போதும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கியதுபோல 'ச்சக்'. சற்று இடைவெளி விட்டு இன்னொரு 'ச்சக்'. எரிச்சல் வந்தால் 'ச்சர்ர்'. மர உச்சியிலிருந்து 'ச்சிவீ' என்று கேட்டால் அது பச்சைக் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருக்கிறதே என்று ஏரிக்குள் இறங்கவும் வேண்டாம். வீட்டு மருதாணி வேலியே இதற்குப் போதும்.

பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் நம் பக்கம் வந்து ஏப்ரல் வரை தங்கும் பறவை இது. ஐரோப்பாவில் இதைப் பிரித்தறிவது பெரும் தலைவலி. அச்சில் வார்த்தாற்போல இரண்டு நாணல் குருவிகள் அங்கே உண்டு. அவை இரண்டும் தமிழ்நாட்டுக்கு வலசை வருவதில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

நமக்குள்ள குழப்பம் வேறு. குருவி வெளியே எட்டிப்பார்க்கும் இரண்டு விநாடியில் நான் முகத்தை மட்டும் பார்ப்பேன். நீண்ட அலகு, தட்டையான நெற்றி, அலகிலிருந்து கண்வரை வந்து அங்கேயே தேய்ந்துவிடும் வெளிறிய புருவக்கோடு. அந்தக் கோடு கண்ணைத் தாண்டி அழுத்தமாக ஓடி, மேல்விளிம்பும் கருத்திருந்தால் வயல் கதிர்க்குருவியா என்று யோசிக்க வேண்டும். நிறத்தை நான் நம்புவதே இல்லை. காலை வெயில் இலைகளில் பட்டுத் தெறிக்கும்போது பழுப்பு முதுகும் பச்சையாகத்தான் தெரியும்.

கோடிக்கரையில் பறவைகளின் காலில் வளையமிடுவோர்போல் கையில் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. சிறகின் வெளியோரக் குட்டி இறகையும் சேர்த்து எண்ணினால், மூன்றாவது, நான்காவது இறகுகளின் வெளிவிளிம்பு நுனிப்பக்கம் ஒடுங்கியிருக்கும். நமக்கு அந்த வசதி ஏது?

அதற்காகக் கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இரை தேடும் நேரத்தில் அதைச் சண்டைக்கு அழைப்பானேன்? கேட்ட குரலைப் பதிந்து இபேர்ட் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் சரிபார்ப்பவருக்கும் வேலை சுலபம். முக்கியமாக ஏப்ரலில் பதிவுசெய்யுங்கள். கிளம்புமுன் சில குருவிகள் பாடத் தொடங்கும். பிற பறவைகளின் குரலைத் திருடி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து முறை திருப்பித் திருப்பிப் பாடும். நடுநடுவே அதே 'ச்சக்'.