பின் பிரேக்

ஆயர் தாவாரில் எங்கள் தோட்டத்துப் பால்மரங்கள் செம்பனையாகிப் பல காலம். அப்பா மட்டும் அதே செம்மண் பாதையில் ஈஎக்ஸ் 5 மோட்டாரில் போய்வந்தார். சேறு புகுந்து டிரம் பிரேக் தேய, கம்பி முனையிலுள்ள நட்டைக் கொஞ்சம் திருகுவார். மிதி 2, 3 சென்டிமீட்டர் இறங்கிப் பிடித்தால் போதும். முட்டி வலிக்குத் தைலம், பிரேக்குக்கு நட்டு. "இன்னும் ஓடும்லா."

ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கானில் விழுந்து, சிராய்ப்போடு வந்தார்.

மிதியை அழுத்திப் பார்த்தேன். பிரேக் கையின் அம்பு, டிரம் மூடியிலிருந்த குறியைத் தாண்டி நின்றது. சக்கரத்தைக் கழற்றினால், ஷூவில் லைனிங் தாள் கனம்தான். இத்தனை நாளும் நட்டு தேய்மானத்தை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

புது ஷூ போட்டேன். அப்பா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"சரிய்யா, முட்டியயும் ஆஸ்பத்திரில காட்டிருவோம்."