முதலில் உறைந்த தனிமங்கள்

கால்சியம், அலுமினியம், டைட்டானியம், சிர்கோனியம், இரிடியம் முதலியவை எளிதில் ஆவியாகாத தனிமங்கள். இளம் சூரியனைச் சுற்றிச் சுழன்ற வாயு வட்டு ஆறத் தொடங்கியபோது முதலில் திண்மமானவை இவையே. அழுத்தம் மிகக் குறைந்த அந்த வட்டில் வாயு திரவமாகாமல் நேரே கனிமமாகப் படியும். ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸில் அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து குருந்தமாகிவிடும். மாணிக்கமும் நீலமும் இந்தக் கனிமத்தின் வகைகள்தாம். கால்சியம் கலந்த கனிமங்கள் அடுத்துப் படியும். பாறைகளின் பெரும்பகுதியாக அமைந்த மக்னீசியம், சிலிக்கான், இரும்பு ஆகியவை உறைய வெப்பம் 1,050 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். துத்தநாகமும் ஈயமும் 450 டிகிரி வரை வாயுவாகவே இருக்கும்.

1969 பிப்ரவரி 8 அதிகாலையில் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் அயெந்தே விண்கல் சிதறி விழுந்தது. இரண்டு டன்னுக்கும் மேல் கிடைத்தது. நிலவிலிருந்து வரவிருந்த அப்பல்லோ மாதிரிகளுக்காக ஆய்வுக்கூடங்கள் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டு அது. விண்கல் ஆய்வுக்கு அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்க முடியாது. கருஞ்சாம்பல் நிறக் கல்லை அறுத்தபோது உள்ளே வெண்ணிறத் திட்டுகள் தெரிந்தன. அவை கால்சியமும் அலுமினியமும் செறிந்தவை. வெப்ப இயக்கவியல் கணக்குப்படி முதலில் உறைந்திருக்க வேண்டிய கனிமங்கள் இத்திட்டுகளில் இருப்பதை 1972இல் லாரன்ஸ் கிராஸ்மன் எடுத்துக்காட்டினார். பாறையாகக்கூடிய பொருள் முழுவதிலும் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் அந்த வெப்பநிலைகளில் உறையும். அதனால் அந்தப் பங்குக்குள் இத்தனிமங்கள் சுமார் 20 மடங்கு செறிந்துவிடுகின்றன. இரிடியம், ஆஸ்மியம் போன்ற உலோகங்களும் இதே செறிவைக் காட்டுகின்றன. வேதிக்குணத்தில் அலுமினியத்தோடு ஒட்டாத இரிடியம் அதே அளவில் கூடியிருப்பதற்கு, எளிதில் ஆவியாகாமை என்னும் பொதுக்குணமே காரணம்.

ஒரு விண்கல்லில் எளிதில் ஆவியாகாத தனிமங்கள் எவ்வளவு கூடின, குறைந்தன என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் கல்லும் அதன் வகையைச் சேர்ந்த சிலவுமே அந்த அளவுகோல். ஹைட்ரஜன் போன்ற வாயுக்களையும் லித்தியத்தையும் விட்டால், அவற்றின் சேர்மானம் சூரியனின் ஒளிமண்டலத்தோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. மக்னீசியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அயெந்தே வகைக் கற்களில் எளிதில் ஆவியாகாத தனிமங்கள் சூரிய அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பூமியில் மிகுதியாக விழும் சாதாரணக் காண்ட்ரைட்டுகள் என்னும் விண்கற்களில் சற்றுக் குறைவு. என்ஸ்டடைட் காண்ட்ரைட்டுகளில் இன்னும் குறைவு. அளவு இப்படி ஏறி இறங்கினாலும், இத்தனிமங்கள் தமக்குள் கொண்ட விகிதம் அசைவதில்லை. எந்த வகைக் காண்ட்ரைட் ஆனாலும் எடைக்கணக்கில் கால்சியம், அலுமினியத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே இருக்கும்.

இந்த மாறா விகிதமே விண்கற்கள் தந்த மிகப் பெரிய கொடை. பூமியின் ஆழத்திலிருந்து நேரே மாதிரி எடுக்க வழியில்லை. ஆனால் யுரேனியமும் தோரியமும் எளிதில் ஆவியாகாத தனிமங்கள். உலோகக் கருவுக்குள் இறங்காமல் பாறையில் தங்குபவை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. எனவே மேன்மூடகப் பாறையிலிருந்து அலுமினிய அளவை மதிப்பிட்டால், விண்கல் விகிதத்தைக் கொண்டு யுரேனிய அளவையும் கணக்கிடலாம். பூமியின் பாறைப்பகுதியில் நூறு கோடியில் சுமார் 20 பங்கு யுரேனியம் என்னும் மதிப்பு இப்படித்தான் வந்தது. பூமியின் உள்வெப்பத்தில் கதிரியக்கத்தின் பங்கு எவ்வளவு என்ற கணக்குக்கு அதுவே அடித்தளம்.

நுட்பமாக அளந்தால் அந்த விகிதத்திலும் சிறு பிசகு உண்டு. பூமியிலும் சாதாரணக் காண்ட்ரைட்டுகளிலும் தூலியம் என்ற அருமண் தனிமம், ஓர்கேய் வகையை நோக்கச் சில விழுக்காடு குறைகிறது. மற்ற பெரும்பாலான கன அருமண் தனிமங்களைவிடத் தூலியம் சற்றுத் தாமதமாக உறையும். முதலில் உறைந்த துகள்கள் பிரிந்து விலகிய பிறகு, மிஞ்சிய வாயுவிலிருந்து வேறு துகள்கள் உருவாகியிருந்தால்தான் இந்த வேறுபாடு எழும்.

அயெந்தே கல்லில் கண்ட வெண்ணிறத் திட்டுகள் போன்ற துகள்களின் வயது 456 கோடியே 73 லட்சம் ஆண்டுகள். சூரியக் குடும்பத்தின் பிறப்பு அதிலிருந்தே எண்ணப்படுகிறது. அரை ஆயுள் 7 லட்சம் ஆண்டுகளே கொண்ட அலுமினியம்-26 அவற்றுள் உயிரோடு இருந்ததற்கான சான்றை 1976இல் வாசர்பர்க் குழு கண்டது. அதைவிட விரைவாக அழியும் கால்சியம்-41இன் தடயத்தை 1994இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஸ்ரீனிவாசனும் கோஸ்வாமியும் உல்யானவுடன் சேர்ந்து வெளியிட்டனர்.

சூரியனுக்கு மிக அருகே பிறந்த இத்துகள்கள், குளிர்ந்த தொலைவில் உருவான கரிமக் காண்ட்ரைட்டுகளிலேயே அதிகம் அகப்படுவது விந்தை. அவை வெளிநோக்கி அடித்துச் செல்லப்பட்டபின், வளர்ந்துவந்த வியாழன் வட்டில் ஓர் இடைவெளியை உண்டாக்கி அவை உள்ளே திரும்பாமல் தடுத்தது என்ற விளக்கமே இன்று வலுவானது. வைல்ட்-2 வால்நட்சத்திரத்திலிருந்து 2006இல் ஸ்டார்டஸ்ட் கலம் கொண்டுவந்த தூசியில் அத்தகைய துகள் ஒன்று இருந்தது. 2020இல் ஹயபுசா-2 ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த 5.4 கிராம் மண்ணிலும் 0.03 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சில துகள்கள் கிடைத்துள்ளன.