ஆப்பிள் மதுவும் ஊர்ப்பேச்சும்

மொழியின் சீர்மையை நூல்களில் மட்டுமே தேடுவோர் பலர். அஃது உழவர் நாவிலும் குடியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் மேற்குப் பகுதி நல்ல சான்றாகும்.

சாமர்செட், டெவன் முதலிய அம்மாவட்டங்களில் ஆப்பிள் கனியினின்று 'சைடர்' என்னும் மது வடிக்கப்படுகின்றது. இதற்குரிய கனிகள் பல, உண்பார்க்குக் கைப்பும் துவர்ப்பும் தருவன. அவற்றை அரைத்த கூழைப் பண்டை முறைப்படி வைக்கோலோடு மாறி மாறி அடுக்கிப் பொறியிலிட்டுப் பிழிவர். அவ்வடுக்கினைப் பாலாடைக்கட்டியின் பெயரால் 'சீஸ்' என்றே வழங்குவர். பிழிந்த சாறு மரப்பீப்பாயில் கிடந்து புளித்து மதுவாகும். சனவரித் திங்களின் குளிரிரவில் ஊரார் தோட்டத்திற் கூடி, முதுமரத்தின் வேரிலே சைடரை வார்த்து, அதில் தோய்த்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைத்து, தீய ஆவிகளை ஓட்டத் துப்பாக்கி வெடித்து, நல்விளைவு வேண்டிப் பாடுவர்.

கிறித்தவ மாணாக்கராகிய யாம் மதுவைப் புகழப் புகுந்தேமல்லேம். பண்ணையாட்களின் கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்த வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவி, 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டதனையும் அறிவேம். எம் உள்ளத்தைக் கவர்ந்தது அத்தோட்டங்களில் வழங்கிய பேச்சே.

அவ்வுழவர் 'ஃபார்மர்' என்பதை 'வார்மர்' என்பர். 'ஐ ஆம்' என்னாது 'ஐ பீ' என்பர். 'தீ' என்னும் பழைய முன்னிலைப் பெயரையும் நெடுங்காலம் கைவிட்டிலர். நகரத்தார் இதனைக் கேட்டு நகைப்பர். நாடக மேடையில் ஒருவனைப் பேதையெனக் காட்டவும் இப்பேச்சே அவன் வாயில் வைக்கப்படும். ஆயின், இது சிதைந்த ஆங்கிலமோ? அன்று. 899-இல் மறைந்த ஆல்பிரெட் மன்னர் காலத்தே இலத்தீன் நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டது, இதன் முன்னோராகிய மேற்குச் சாக்ஸன் வழக்கிலேயாம். மதுவை நிரப்பும் பெருந்தொட்டிக்குரிய 'வாட்' என்னும் பெயர் பண்டு 'ஃபாட்' என இருந்தது. தென்னாட்டு ஒலிப்பே இன்று அகராதியில் அமர்ந்துள்ளது. நகைப்போரும் அச்சொல்லையே ஆள்கின்றனர்!

டார்செட் நாட்டவரும் பின்னர்த் திருச்சபைக் குருவானவருமாகிய வில்லியம் பார்ன்ஸ், பன்மொழிப் புலவராயிருந்தும், ஊர்ப்பேச்சிலேயே கவிதை யாத்து 1844-இல் வெளியிட்டார். 'ஃபார்ம்' என்பதன் இடைநின்ற ரகரத்தை இலண்டன் கற்றோர் விழுங்க, மேற்கு நாட்டார் நன்கு ஒலிப்பர், நாமும் ஒலிக்கின்றோம். அதன்பொருட்டு நம்மை எள்ளுவார், பார்ன்ஸ் பெருமானின் ஊராரையும் எள்ளியவராவர்.

1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் 313 இடங்களுக்குச் சென்று, பெரும்பாலும் முதியோராயினாரின் பேச்சைக் குறித்து வைத்தனர். காலத்தாற் செய்த நன்றி அது. பழந்தோட்டங்கள் பல வெட்டுண்டன, பழஞ்சொற்களும் உடன் அருகின.

திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொல்லுள் ஒன்றாகத் தொல்காப்பியர் ஏற்றார். அங்ஙனமிருக்க, விடுதிக்கு வந்த சின்னாளிலேயே நம்மவர் தம் ஊர்ச்சொல்லை நாணி மறைப்பது என்னே! பனையேறுவாரின் 'தளைநார்', 'முருக்குத்தடி' என்பவற்றை எம் நெல்லைச் சீமைப் பாட்டியார் வாயிற் கேட்டேமன்றி வகுப்பறையில் ஒருநாளும் கேட்டிலேம். அவரோடு அச்சொற்கள் மறைந்தால் மீட்பார் யார்? நண்பர்காள், வரும் விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு முதியவர் அருகமர்ந்து, அவர் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வருவோமாக.