கல்முனைக் கரையில் ஒரு நீர் ரொக்கட்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். காத்தான்குடியையும் களுவாஞ்சிக்குடியையும் கடந்து, மருதமுனையின் தறியோசை செவியில் விழுந்ததும் கல்முனை அண்மித்துவிட்டதென்று அறியலாம். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இவ்விரண்டுக்குமிடையே ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

பாடசாலை விடுமுறையில் தாய்வீடு சென்ற நாம், மருமகனுக்குச் சிறு பெட்டியொன்றைப் பரிசாகக் கொண்டு சென்றோம். அதனுள் ரொக்கட் ஒன்றின் உறுப்புகள் இருந்தன: கூர்முனை மூடி, நான்கு செட்டைகள், இறப்பர் அடைப்பான், காற்றுக்குழாய், ஏவுதாங்கி. உடலை மட்டும் காணோம்! குடித்துக் கழித்த ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலே அதற்கு உடலாம். மருந்துமில்லை, தீயுமில்லை.

“நெருப்பு இல்லாம எப்படி மாமா மேலே போகும்?” என்று கேட்டான் சிறுவன்.

போத்தலில் மூன்றிலொரு பங்கு நீரை நிரப்பி, எஞ்சிய இடத்தில் சைக்கிள் பம்பினால் காற்றை அடைக்க வேண்டும். நெருக்குண்ட காற்று நீரைக் கீழே பீறிடச் செய்யும். நீர் கீழே பாயப் பாய, போத்தல் மேலே எழும். நியூற்றனின் மூன்றாம் விதி இதுவே. நீர் முற்றிலும் இல்லையெனில் காற்றின் பாரம் போதாது. நீரே நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமிராது.

விறாந்தையில் அமர்ந்து செட்டைகளை ஒட்டினோம். மூக்கினுள் சிறிது களிமண் வைத்தோம். பின்னர் ரொக்கட் சமனாக நிற்குமிடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார்த்தோம். மூக்கு முன்னே சென்றது. ஆகவே அது நேராகப் பறக்கும்.

பசை காயும் வரை கதை சொன்னோம். 1963 நவம்பர் 21ஆம் நாள், கேரளத்தின் தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து இந்திய மண்ணின் முதலாவது விண்வெளி ஆய்வு ரொக்கட் எழுந்தது. மாதா கோவிலொன்றே அங்கு வேலைக்கூடமாயிற்று. அங்கு பணிபுரிந்த இளம் பொறியியலாளருள் ஒருவர், இராமேஸ்வரத்துத் தோணிக்காரரின் மைந்தர் அப்துல் கலாம். நம் நாட்டிலும் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையம் மாணவர்களுக்கு நீர் ரொக்கட் போட்டிகள் நடத்தியிருக்கிறது என்றதும் சிறுவனின் கண்கள் விரிந்தன.

“கடற்கரைக்கு மட்டும் கூட்டிப் போயிடாதீங்க, மகன்” என்றார் உம்மா.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று முதல் உம்மா அக்கரை மணலை மிதித்ததில்லை. எனினும் ஊருக்குள் வெட்டவெளி ஏது? அரைமனதோடு விடை தந்தார்.

பின்னேரம் ஏவினோம். இரண்டு தென்னை உயரம் சென்ற ரொக்கட், சட்டென்று கடலை நோக்கி மூக்கைத் திருப்பி அலைகளுக்கிடையே விழுந்தது. சிறுவன் அதன் பின்னே ஓடினான். கழுத்தளவு நீரை எட்டுமுன் கையைப் பற்றி இழுத்தோம். நம் நெஞ்சு படபடத்தது.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அதை எடுத்துவந்து தந்தார். “காத்து வாற திசைக்குத்தான் இது திரும்புது, தம்பி. இப்ப காத்து கடலிலிருந்து வருது. சுபஹு தொழுதிட்டு வாங்க; அப்ப கரையிலிருந்து கடலுக்குப் போகும்.”

அவர் கூறியது முற்றும் உண்மை. பின்புறச் செட்டைகளைக் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றை எதிர்நோக்கும். இரவில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்வதால் விடியலில் தரைக்காற்று வீசுகிறது. விஞ்ஞான நூல் கூறுவதைத் தோணியோட்டி அவர் அறிந்திருந்தார்.

மறுநாள் விடியலில் கரைக்குச் சென்று திரும்பிப் பார்த்தபோது, கடைசித் தென்னையடியில் உம்மா நின்றுகொண்டிருந்தார்! நாம் ஒன்றும் கேட்கவில்லை. பம்பை அழுத்தி, எட்டி நின்று, கயிற்றை இழுத்தோம். நீர்த்தூவல் சிதற எழுந்த ரொக்கட், ஊர்ப்பக்கம் மூக்கைத் திருப்பி, உலர்ந்த மணலில் விழுந்தது.

உம்மா நடந்துசென்று அதை எடுத்தார். மணலைத் தட்டிச் சிறுவனின் கையிற் கொடுத்து, “இன்னொருக்கா விடு, பார்ப்போம்” என்றார்.