நிலக்கரிப் பாட்டும் கொழுந்துப் பாட்டும்

பாடுபடுகிறவர்களே பாட்டையும் படைக்கிறார்கள். ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் பாடியதை நாம் அறிவோம். அமெரிக்க நாட்டிலும் இதுவே வழக்கம். அங்கே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர்களும் பஞ்சாலையில் உழைத்தவர்களும் பாடிய எளிய பாடல்கள் 'கண்ட்ரி' என்னும் இசை வகைக்கு உரமாயின. நாளடைவில் அவ்விசை வணிக மெருகு ஏறி வேறு கோலம் பூண்டது. பழைய உண்மையைத் தேடிப் புறப்பட்ட இளைஞர்களின் இசைக்கு 'மாற்றுக் கண்ட்ரி' என்று பெயர் வந்தது.

அவ்வகையில் நம் நெஞ்சில் நிலைத்துவிட்ட இசைத்தட்டு ஒன்று உண்டு. இலினோய் மாநிலத்துப் பெல்வில் நகர இளைஞர் மூவர் 'அங்கிள் டுபெலோ' என்ற குழுவை நடத்தி வந்தனர். மின் கிட்டாரின் முழக்கத்தால் பெயர் பெற்ற அவர்கள், 1992-இல் ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகருக்குச் சென்று, அம்முழக்கத்தை ஒதுக்கி வைத்து, மரக் கிட்டாரும் பாஞ்சோவும் மாண்டலினும் கொண்டு ஐந்தே நாள்களில் பாடிப் பதிந்தனர். அந்நாள்களே இசைத்தட்டின் பெயராயின: 'மார்ச் 16–20, 1992'.

அதில் நிலக்கரித் தொழிலாளரை விளித்துப் பாடும் பாட்டு ஒன்று உள்ளது. கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான சாரா ஓகன் கன்னிங் பாடிய பாட்டின் வழி வந்தது அது. வறுமையில் தம் குழந்தையையே பறிகொடுத்தவர் அப்பெண்மணி. 1937-இல் அலன் லோமக்ஸ் என்பார் அவர் குரலைப் பதிவு செய்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த இசைத்தட்டிலோ அது 'மரபுப் பாடல்' என்று மட்டுமே குறிக்கப்பட்டது. பாட்டு பிழைத்தது, பாடியவள் பெயர் உதிர்ந்தது.

இதை எண்ணும்போது டயகமவை எண்ணாதிருக்க இயலவில்லை. அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளிக்குக் கீழே பனி மூடிக் கிடக்கும் தேயிலை மலை அது. அங்கும் லயத்துக் காம்பராக்களில் தாலாட்டு எழுந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி எழுந்தது. மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த துயரமும், கங்காணியை எள்ளிய நகைப்பும், கொழுந்துக் கூடையின் பாரமும் மலையகத்துப் பாட்டாயின. அவற்றை ஆக்கிய பெண்களின் பெயர்களை யார் அறிவார்?

1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தது நாம் பெற்ற பெரும் பேறு. ஆயினும் ஏட்டில் சொல் இருக்குமேயன்றி மெட்டு இராது. பாடுகிறவள் எங்கே இழுத்தாள், எங்கே விம்மினாள் என்பதை அச்சு காட்டாது.

1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்தன, பாட்டுகளும் கப்பலேறின. கடல் கடந்த அந்நினைவு, 2021-இல் தீயும் அறிவும் பாடி உலகெங்கும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் மீண்டும் தலைகாட்டிற்று. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாட்டி சொன்னதைப் பேரன் செவிமடுத்ததன் பயன் அது.

மாணவர்களே, இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசியே ஓர் ஒலிப்பதிவுக் கூடம். இந்த விடுமுறையில் ஐந்து நாள்களை ஒதுக்குங்கள். அடுப்பங்கரையில் குளிர் காயும் அப்பாயியின் அருகே அமருங்கள். பாடச் சொல்லுங்கள், மறந்த அடிக்காகப் பொறுத்திருங்கள், இடையில் வரும் இருமலையும் அழித்துவிடாதீர்கள். பாட்டுக்கு முன், அவர் தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பின்னாளில் யாரேனும் அப்பாட்டை எடுத்துப் பாடுவார்களாயின், அது இன்னாருடையது என்று சொல்ல அந்தக் குரலே சான்றாக இருக்கும்.